பூஜையில வச்ச பாஸ்போர்ட்டு

சுனாமி வந்து கடலு உள்ள பூந்துச்சே, அதுக்கு அப்பறம் வந்த மூணாவது ஆயுத பூஜை. வருஷத்த நம்பரா சொல்லுன்னா எனக்கு வராது. மழைக்குக் கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத ஆளு நான். ஆனா அடையாளம் சொல்லுவேன். தேவனாம்பட்டினம் பக்கம் மீன்காரங்களுக்குக் கட்டுன புது வூட்டுல அப்பதான் ஆளுங்க குடி போயிக்கிட்டு இருந்தாங்க. சிதம்பரம் போற ரயிலு நின்னு போயிருந்துச்சு. சின்ன லைனப் பேத்துட்டு பெரிய லைனு போடுறோம்னு தண்டவாளத்தக் கழட்டிப் போட்டிருந்தாங்க. ரயிலு இல்லாததால ரோட்டுல வண்டி ஜாஸ்தி. வண்டி ஜாஸ்தின்னா எனக்குப் பஞ்சரு ஜாஸ்தி. கடலூரு முதுநகருல சிதம்பரம் ரோட்டு மேல எனக்கு முன்னால கடை, பின்னால வூடு. லாரியோ சைக்கிளோ, எது வந்தாலும் ஒட்டித் தருவேன்.

அந்த வருஷந்தான் என் மவ மஸ்கட்டுலேருந்து ரெண்டு புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு பிளேன்ல வந்தா. திரும்பிப் போறப்ப ஒண்ணத்தான் இட்டுக்கிட்டுப் போனா. சின்னவன இங்க வுட்டுட்டுப் போகும்படி ஆயிடுச்சு. அது யாரால ஆச்சுன்னு எங்க குடும்பத்துல ஒரு பேச்சு இருக்கு. அந்தப் பேச்சு பொய்யி. அதச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன். நீ எழுதிக்க. நான் சுத்தி வளச்சிதான் பேசுவேன், கோச்சுக்காத.

மவ சிதம்பரத்துல நர்சிங் படிச்சவ. எங்க வம்சத்துல பத்தாவது தாண்டுன மொத ஆளு அவதான். எனக்கு சம்சாரம் இல்ல, சுனாமிக்கு முந்துன வருஷமே மஞ்சக்காமாலையில போயிட்டா. ஒரு மவன், அவன் சிதம்பரத்துல பொண்டாட்டியோட இருக்கான், சைக்கிள் கடை வச்சிருக்கான். மவளும் மாப்பிள்ளையும் மஸ்கட்டுல. மாப்பிள்ளைக்கு ஏசி மெக்கானிக் வேலை. பெரிய பேத்திக்கு அப்ப அஞ்சு வயசு. சின்னவனுக்கு ரெண்டு முடிஞ்சி நாலஞ்சு மாசம். பெரியவ இங்க நம்ம ஊரு ஆஸ்பத்திரியில பொறந்தவ. சின்னவன் அங்கியே பொறந்துட்டான். இத மனசுல வச்சிக்க, பின்னால வேணும்.

ரம்ஜானுக்கு அங்க லீவு குடுத்தாங்கன்னு மவளுக்கு இருவத்தி மூணு நாளு கெடச்சுது. மாப்பிள்ளைக்குக் கெடைக்கல. தனியா ரெண்டையும் கட்டிக்கிட்டு வந்தா. நானும் மவனும் வாடகை வேன் எடுத்துக்கிட்டு மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போனோம். மத்தியான நேரம். கம்பிக்கு இந்தப் பக்கம் ஆயிரம் பேரு நிக்கிறாங்க. கண்ணாடிக் கதவு தொறக்குறப்பல்லாம் ஏசிக் காத்து வந்து மூஞ்சில அடிக்கும், மூடுனா வேர்வை. ஒண்ணரை மணி நேரம் கழிச்சி வந்தா பாரு. தலை கலைஞ்சி, துணியெல்லாம் வாந்தி. இடுப்புல ஒண்ணு. பொட்டி வண்டி மேல ஒண்ணு உக்காந்திருக்கு, அதுக்கு ஒரு காலுல செருப்பு இல்ல.

"செருப்பு எங்கடி?"ன்னு கேட்டான் எம் மவன்.

"பிளேன்ல வுட்டுட்டேன் மாமா. தம்பி அழுவுறத வேடிக்க பாத்தேனா, அது ஓடிப் போச்சு."

"செருப்பு ஓடுமா?"

"பிளேன் ஓடுச்சே."

அவ்ளோ வாயி அந்தப் பொண்ணுக்கு. நாங்க சிரிச்சோம், மவ சிரிக்கல. திண்டிவனம் வர வரைக்கும் பிளேன் கதையத்தான் சொல்லிக்கிட்டு வந்தா. மேல ஏறுறப்ப சின்னவனுக்குக் காது அடைச்சிக்கிச்சாம், கத்துன கத்துல பக்கத்து சீட்டு ஆளு எழுந்து வேற எடம் கேட்டுக்கிட்டுப் போயிட்டானாம். பால் குடிக்க வச்சா காது தொறக்கும்னு அவளுக்குத் தெரியும், நர்ஸாச்சே. துப்பட்டாவப் போட்டு மூடிக்கிட்டுப் பால் குடுத்தாளாம். குடிச்சதெல்லாம் திரும்பி அவ மேலயே வந்துடுச்சு. பெரியவளுக்கு அந்த நேரம் பாத்து ஒண்ணுக்கு. இவன மடியில வச்சிக்கிட்டு அவள எப்படி இட்டுக்கிட்டுப் போறது? பிளேன்ல வேலை செய்யிற பொண்ணு கையப் புடிச்சி இட்டுக்கிட்டுப் போச்சாம். "அடுத்தவ புள்ளைக்கெல்லாம் ஊசி போட்டு சிரிக்க வக்கிறேன் அப்பா. என் புள்ள நாலு மணி நேரம் அழுவுது, என்னால ஒண்ணும் செய்ய முடியல"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அன்னிக்கே என் வாயி சும்மா இருக்கல. "ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு அங்க என்னா பாடு படுற. சின்னவன இங்க வுட்டுட்டுப் போ, நான் பாத்துக்குறேன்"ன்னேன்.

"நீயா? நீ டியூப பாத்துக்குவ. புள்ளைய எங்க பாப்ப?"ன்னா.

வெளையாட்டுக்குத்தான் சொன்னா. நான் வெளையாட்டுக்குச் சொல்லல. அப்பறம் ஒரு ரெண்டு வாட்டி மூணு வாட்டி இதையே சொன்னேன். மவன் வூட்டுலயும் கல்யாணமாகி ஏழு வருஷமா புள்ள இல்ல. மருமவ இந்தச் சின்னவனப் பாத்துட்டு தூக்குனவ கீழ எறக்க மாட்டா. அதையும் சேத்துச் சொன்னேன். ஒரு நாளு மவளுக்குக் கோவம் வந்துடுச்சு. "அப்பா, இது பூனைக்குட்டி இல்ல, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குறதுக்கு. இன்னொரு தடவ இந்தப் பேச்சு எடுத்தன்னா நாளைக்கே கெளம்பிடுவேன்"ன்னா. அதோட நிறுத்திக்கிட்டேன். நிறுத்துனது வாயத்தான்.

ஆயுத பூஜை வந்துச்சு. எங்க கடைக்குப் பொங்கலு தீவாளியெல்லாம் அப்பறந்தான். லீவரு, ஸ்பேனரு, பம்பு, ரம்பம், சுத்தி, ஒண்ணு விடாம மண்ணெண்ணெயில கழுவித் தொடச்சி சந்தனம் குங்குமம் வச்சி அடுக்குவேன். நாம தொழில் செய்யிற சாமானு அன்னிக்கு சாமி. கணக்குப் புள்ள நோட்ட வப்பாரு, டிரைவரு லைசென்ஸ வப்பான். எவனுக்கு எது சோறு போடுதோ அத வக்கணும். சாமி கும்புட்டுட்டா அன்னிக்கு முழுக்க அத எடுக்கக் கூடாது, மறுநாளு காலையிலதான் எடுத்து ஒரு வேலையாவது செஞ்சி தொடங்கணும். எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான்.

மவ அன்னிக்கு சின்னவனத் தூக்கிக்கிட்டு சிதம்பரத்துக்கு அண்ணன் வூட்டுக்குப் போயிருந்தா, சாயங்காலம் வந்துடுறேன்னு. பெரியவ வரல, கடைய அலங்காரம் பண்ணணும்னு எங்கூடவே நின்னுக்கிட்டா. வாழக்கன்னு கட்டுறது, பொரி கடலைய பொட்டலம் போடுறது எல்லாம் அவதான். நடுவுல ரெண்டு பொரி வாயில, ஒண்ணு பொட்டலத்துல. எனக்கு அப்ப ஒரு யோசனை வந்துச்சு. எம் மவளுக்குச் சோறு போடுற சாமானு எது? ஊசியும் மருந்தும் அங்க ஆஸ்பத்திரியில கெடக்கு. இங்க இருக்குறது அந்த பாஸ்போர்ட்டுதான். அது இல்லன்னா அவ ரோட்டத் தாண்ட முடியாது. பீரோவத் தொறந்து மூணையும் எடுத்தாந்து ஸ்பேனருக்குப் பக்கத்துல வச்சேன். ஒவ்வொண்ணு மேலயும் சின்னதா சந்தனம், குங்குமம்.

பெரியவ பக்கத்துல குந்திக்கிட்டு ஒண்ணத் தொறந்து காட்டுறா. "தாத்தா, இது நானு. இது தம்பி, பாரு, தூங்கிக்கிட்டே போட்டோ எடுத்தாங்க."

நெசந்தான். பொறந்து ஒரு மாசத்துப் போட்டோ. கண்ண மூடிக்கிட்டு, கை முஷ்டி மட்டும் தெரியுது. நான் அந்த வயசுல அவனப் பாத்ததில்ல. தூக்குனதில்ல. வெரலுல சந்தனம் இருந்துச்சு. போட்டோவுல நெத்தியில வச்சிட்டேன். அது மேல குங்குமம்.

"தம்பிக்கும் பொட்டு"ன்னு சிரிச்சிட்டு, "எனக்கும் வை"ன்னா பெரியவ. அவ போட்டோவுக்கும் வச்சேன். சூடம் காட்டி, பூசணிக்காய ரோட்டுல ஒடச்சி, எல்லாம் முடிஞ்சிது.

மத்தியானம் சாப்ட்டுட்டு வந்து பாக்குறேன், சந்தனம் காஞ்சி தாளு சுருங்கிக் கெடக்கு. தொடச்சி வச்சிடுவோம்னு தண்ணித் துணியால தொடச்சேன். பெரியவளோடது ஒரே தொடைப்புல போயிடுச்சு. அது மெஷின்ல அச்சடிச்சது, மேல வழவழன்னு இருக்கும். சின்னவனோடது அங்க குடுத்தது, கையால எழுதி, போட்டோவ ஒட்டி, மேல கண்ணாடித் தாளு போட்டது. அந்தத் தாளு ஓரத்துல தூக்கிக்கிட்டு இருந்துருக்கு போல, எனக்கு எங்க தெரியும்? ஈரம் உள்ள எறங்கிடுச்சு. குங்குமம் செவப்பா பரவுது, அழுத்தித் தொடச்சேன், மை நீலமா கலங்குது. இன்னும் அழுத்துனேன். போட்டோ ஒரு பக்கம் எழும்பிக்கிச்சு.

மெதுவா ஊதி ஊதிக் காய வச்சேன். அப்பறம் செஞ்சது இருக்கே, அதான் பெரிய தப்பு. முப்பது வருஷமா கிழிஞ்சத ஒட்டுறவன் நான். எழும்புனா ஒட்டணும், அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். பூஜையில வச்ச சாமான அன்னிக்குத் தொடக் கூடாதுன்னு மத்தவங்களுக்குச் சொல்லுற நான், பூவ ஒதுக்கிட்டு பஞ்சரு ஒட்டுற சொலூஷன் டப்பாவ எடுத்தேன். வெரலால லேசாத் தடவி, டியூபுக்குக் காய வுடுற மாதிரி செத்த காய வுட்டு, போட்டோவ வச்சி அழுத்தி, மேல தாள இழுத்து ஒட்டி, இரும்புக் கட்டைய பாரமா வச்சேன். ஒரு மணி நேரம். எடுத்துப் பாத்தா என் கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. படிக்கத் தெரிஞ்சவன் கண்ணு வேற.

பெரியவ எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தா. "தாத்தா, தம்பிக்குப் பஞ்சரா?"ன்னா.

"ஆமாம்மா. ஒட்டிட்டேன். அம்மாகிட்ட சொல்லாத, என்ன?"

"ஏன்?"

"அம்மா தாத்தாவத் திட்டும்."

"சொல்ல மாட்டேன். சாமி சத்தியமா சொல்ல மாட்டேன்"ன்னு என் கையில அடிச்சா. அஞ்சு வயசு.

பீரோவுல வச்சி மூடிட்டேன். மவ சாயங்காலம் வந்தா, ஒண்ணும் தெரியாது அவளுக்கு. அதுக்கப்பறம் ஒம்போது நாளு இருந்தாங்க. ஒம்போது நாளும் சொல்லிடலாம் சொல்லிடலாம்னு இருப்பேன். திருவந்திபுரம் கோயிலுக்குப் போனோம், அங்க கெடிலம் ஆத்துப் படியில மவளும் நானும் மட்டுந்தான், புள்ளைங்க மவங்கிட்ட. "என்னாப்பா யோசனை?"ன்னு அவளா கேட்டா. "ஒண்ணுமில்ல, நீ போயிடுவியேன்னுதான்"ன்னேன். அதும் பொய்யில்ல. பொய்யில்லாததச் சொல்லி நெசத்த மறைச்சேன்.

போற அன்னிக்குக் காலையில பத்து மணிக்குப் பிளேன். விடிகாலையில ஏர்போர்ட்டுல எறக்கிவுட்டுட்டு நானும் மவனும் வெளிய நின்னோம். உள்ள போயி கையாட்டுனா, மறைஞ்சிட்டா. வேன்காரன் டீ குடிச்சிட்டு வரலாம்னான். குடிச்சிட்டு வந்து பாத்தா, கண்ணாடிக் கதவுக்கு வெளிய மவ நிக்கிறா. பொட்டியோட. ரெண்டு புள்ளையோட.

சின்னவனோட பாஸ்போர்ட்ட டிக்கெட் பாக்குற பொண்ணு வாங்கி, நகத்தால ஓரத்தத் தடவிப் பாத்துச்சாம். பெரிய ஆளக் கூப்புட்டுச்சாம். போட்டோவப் பேத்து ஒட்டியிருக்கு, எழுத்து கலைஞ்சிருக்கு, இது உங்க புள்ளதான்னு நாங்க எப்படி நம்புறதுன்னு கேட்டிருக்காங்க. அவுங்க மேல தப்பில்ல. புள்ளைய மாத்தித் தூக்கிட்டுப் போறவங்களும் இருக்காங்கல்ல. நீங்களும் பொண்ணும் போலாம், இந்தப் புள்ளைய ஏத்த முடியாதுன்னுட்டாங்க.

மவ அந்தப் பாஸ்போர்ட்ட எங்கிட்ட நீட்டி, "அப்பா, இத யாரு தொட்டா?"ன்னா.

நான் அத வாங்கிப் பாத்தேன். பாக்குற மாதிரி பாத்தேன். "தெரியலியேம்மா"ன்னேன்.

அவ்ளோதான். வாயில வந்துடுச்சு. யோசிச்சி சொன்னது இல்ல. சின்னவன வுட்டுட்டுப் போன்னு அத்தினி வாட்டி கேட்டவன் நான். இப்ப நாந்தான் செஞ்சேன்னு சொன்னா, வேணும்னே செஞ்சேன்னுதான நெனப்பா? அந்தப் பயம். அப்பறம் இன்னொண்ணும் இருந்துச்சு, அத அப்பறம் சொல்றேன்.

பெரியவளுக்கு ஒரு வெளையாட்டு உண்டு. பாஸ்போர்ட்ட எடுத்து வச்சிக்கிட்டு ஏர்போர்ட்டு வெளையாடுவா. முஷ்டியால டொக்கு டொக்குன்னு சீல் அடிப்பா, "நெக்ஸ்ட்டு"ம்பா. மவ எத்தினி வாட்டி புடுங்கி வச்சிருக்கா. இப்ப அவ பக்கம் திரும்பி, "நீதான? நீதானடி பேத்த?"ன்னு கன்னத்துல ஒரு அறை வுட்டா. என் மவ புள்ளைங்கள அடிக்கிறவ இல்ல. அன்னிக்கு அடிச்சா. அஞ்சு வெரலும் பதிஞ்சிது.

பெரியவ அழுவல. என்னப் பாத்தா.

நான் பொட்டி வண்டியோட சக்கரத்தப் பாத்தேன். அது ஒரு பக்கம் தேஞ்சி இருந்துச்சு. இன்னி வரைக்கும் அந்தச் சக்கரம் எனக்குக் கண்ணுல நிக்கிது.

நேரம் ஓடிக்கிட்டு இருக்கு. மாப்பிள்ளைக்குப் போன் போட்டா. சனிக்கிழம காலையில டூட்டியில கையெழுத்து போடலன்னா வேலை போச்சு. அங்க அப்படித்தான், வேலை போனா விசா போச்சு. புது பாஸ்போர்ட்டு எடுக்க மாசக்கணக்கா ஆவும். மாப்பிள்ளை என்னா சொன்னாருன்னு தெரியல, இவ "ம்... ம்..."ன்னுக்கிட்டே இருந்தா. போன வச்சிட்டு நடைபாதையில உக்காந்து, அத்தன பேரு நடமாட்டத்துல, சின்னவனுக்கு பால் குடுத்தா. ரெண்டு வயசு தாண்டியும் அவன் பால் மறக்கல. அவன் குடிச்சிட்டு ஏப்பம் வுட்டுட்டு தூங்கிட்டான். தூங்குனவன எங்கிட்ட குடுக்கல. மவங்கிட்ட குடுத்தா. "அண்ணா, அண்ணிகிட்ட குடு. முழிச்சதும் அழுவான். அழுவுனா தோளுல போட்டு முதுவுல தட்டு, வயித்துல தட்டாத"ன்னா. எழுந்து பெரியவ கையப் புடிச்சிக்கிட்டு உள்ள போயிட்டா. திரும்பிப் பாக்கல. பெரியவதான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போனா, கன்னத்துல கைய வச்சிக்கிட்டு.

அந்த இன்னொண்ணு என்னான்னா, சின்னவன் வேன்ல எங்கூட வரான்னு நெனச்சப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வந்துச்சு. ஒரு நிமிசந்தான். வந்துச்சு. அத மறைச்சா இத சொல்றதுல அர்த்தம் இல்ல. வேணும்னு செய்யல, அது சத்தியம். ஆனா ஆனப்பறம் மனசு கொஞ்சம் குளுந்துச்சு. என்னையே எனக்குப் புடிக்காமப் போனது அன்னியிலேருந்துதான்.

செங்கல்பட்டு தாண்டி முழிச்சான். அப்பறம் கடலூரு வர வரைக்கும் அழுவை. "உம்மா, உம்மா"ன்னு. அங்க பக்கத்து வூட்டுப் புள்ளைங்க கூப்புடுறதப் பாத்து அம்மாவ அவனும் அப்படித்தான் கூப்புடுவான். என்னால சமாளிக்க முடியல, நேரா சிதம்பரத்துக்கு மவன் வூட்டுக்கே கொண்டு போயிட்டோம். மருமவதான் தூக்கி வச்சிக்கிட்டா. மூணு நாளு சோறு எறங்கல அவனுக்கு. அங்க மவளுக்கு மூணு நாளு மாரு கட்டிக்கிட்டு ஜொரம், ஜொரத்தோட டூட்டி பாத்தாளாம். மருமவகிட்ட போன்ல சொல்லியிருக்கா. எங்கிட்ட சொல்லல.

பாஸ்போர்ட்ட மவந்தான் மெட்ராஸுக்கு எடுத்துக்கிட்டுப் போயி எழுதிக் குடுத்து அலைஞ்சான். போறதுக்கு மொத நாளு அத விரிச்சி வச்சிக்கிட்டுப் பாத்தான். மூக்குகிட்ட வச்சி மோந்து பாத்தான். பஞ்சர் கடையில வளந்த புள்ள, சொலூஷன் வாடை அவனுக்குத் தெரியாதா?

"யப்பா"ன்னான்.

சின்னவனுக்கு இட்லி ஊட்டிக்கிட்டு இருந்த மருமவ நிமுந்து பாத்தா.

அவன் எம் மூஞ்சியப் பாத்தான், பாத்துட்டு அவனாவே சொன்னான்: "புள்ள கடையிலேருந்து சொலூஷன எடுத்து ஒட்டியிருக்கும்பா. டப்பா தொறந்துதான கெடக்கும். பேத்தவளுக்கு ஒட்டத் தெரியாதா? தாத்தா ஒட்டுறத தெனம் பாக்குறாளே."

"இருக்கும்"ன்னேன்.

ரெண்டாவது வாட்டி. மொத வாட்டி பயத்துல வந்துச்சு. இது அப்படி இல்ல. மவன் கதவத் தொறந்து வுட்டான், நான் அதுல பூந்து போயிட்டேன். அன்னிக்கு ராத்திரியே அவன் தங்கச்சிக்குப் போன்ல சொல்லிட்டான், பெரியவதான் பேத்து, பெரியவதான் ஒட்டுனாள்னு. அதுலேருந்து எங்க வூட்டுல அதான் கதை.

மூணு மாசம் நான் ஒரு நாளு விட்டு ஒரு நாளு பஸ் ஏறி சிதம்பரத்துக்குப் போவேன். சின்னவன தோளுல வச்சிக்கிட்டு தெற்கு வீதி, கீழ வீதின்னு சுத்துவேன். மார்கழித் தேருக்குக் கட்டை கட்டுறத காட்டுவேன். மொத மாசம் என்னப் பாத்தா அழுவான். ரெண்டாவது மாசம் வந்து வேட்டியப் புடிப்பான். மூணாவது மாசம் மருமவள "அம்மா"ன்னு கூப்புட ஆரம்பிச்சான். அவ "அத்தை சொல்லு, அத்தை சொல்லு"ம்பா, சொல்லுறப்பவே கண்ணு கலங்கும். போன்ல மவ பேசுனா, ரிசீவர காதுல வச்சிக்கிட்டு பேசாம இருப்பான். அப்பறம் அத கீழ வச்சிட்டு வெளையாடப் போயிடுவான். அந்தப் பக்கம் அவ "தங்கம், தங்கம்"ன்னு கத்துறது எனக்குக் கேக்கும்.

தேரு ஓடி முடிஞ்சி, பொங்கலு வாரத்துல மாப்பிள்ளை வந்தாரு. புது பாஸ்போர்ட்டு வந்துடுச்சு. அப்பன அவனுக்கு அடையாளம் தெரியல. மருமவ சீலைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு வுட மாட்டேங்குறான். வெரல ஒண்ணு ஒண்ணா பிரிச்சி எடுத்தாங்க. மாப்பிள்ளை எங்கிட்ட, "மாமா, பெரியவ சின்னப் புள்ளத்தனமா செஞ்சிட்டா, உங்களுக்கெல்லாம் செரமம்"ன்னு மன்னிப்பு கேட்டாரு. எங்கிட்ட மன்னிப்பு கேட்டாரு அவரு. நான் "பரவால்ல மாப்ள"ன்னேன்.

அப்பறம் நாலு வருஷத்துக்கு மேல அவுங்க வரல. லீவு இல்லன்னா, டிக்கெட்டு ஜாஸ்தின்னா. போன்ல மவ "சாப்ட்டியாப்பா"ம்பா, "கால் வீக்கம் எப்படி இருக்கு"ம்பா. சொல்லிடலாம்னு ஆரம்பிப்பேன், அதுக்குள்ள "சரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சு"ம்பா. பெரியவ வந்து "தாத்தா, நல்லா இருக்கியா?"ம்பா. இத்தினி வருஷமா சத்தியத்தக் காப்பாத்துறாளேன்னு நெனப்பேன்.

தானே புயல் அடிச்சி எங்க தெருவுல ஒரு வேப்பமரம் பாக்கியில்லாம சாஞ்சிதே, அந்தக் கோடையில வந்தாங்க, நாலு பேரும். பெரியவளுக்கு வயசு பத்து ஆவப் போவுது, மவ தோளு ஒயரம். சின்னவன் வாயி தாங்கல, அக்கா அந்தக் காலத்துல பேசுன மாதிரியே. கடையில குந்திக்கிட்டு ரெண்டும் டயருல தண்ணி ஊத்தி வெளையாடுதுங்க. ஏதோ ஒரு சண்டை. சின்னவன், "போடி, நீதான என்ன இங்க வுட்டுட்டுப் போவ வச்ச. என் பாஸ்போர்ட்ட நீதான பேத்த"ன்னான். தெனம் சொல்றது மாதிரி சொன்னான். இப்ப சொல்லிடுவா, "நானில்ல, தாத்தாதான்"னு சொல்லிடுவான்னு நெனச்சேன். சொல்லட்டும்னு கூட இருந்துச்சு.

அவ சொல்லல. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டா. அவன் எழுந்து ஓடிட்டான். செத்த நேரம் கழிச்சி எங்கிட்ட வந்து குந்தி, "தாத்தா, நான் எதுக்கு அப்படி செஞ்சேன்? உனக்கு ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டா.

எனக்கு மொதல்ல விளங்கல. "எப்படிம்மா?"

"தம்பி பாஸ்போர்ட்ட. நான் எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகம் வரல. தம்பி மேல பொறாமையாம், அம்மா ஒரு ஆன்ட்டிகிட்ட சொன்னாங்க. அப்படியா இருந்தேன் நான்?"

சத்தியத்தக் காப்பாத்தல அவ. மறந்துட்டா. பொட்டு வச்சது, பொரி பொட்டலம் கட்டுனது, "தம்பிக்குப் பஞ்சரா"ன்னு கேட்டது, எல்லாம் அழிஞ்சி போச்சு. வூட்டுல எல்லாரும் சொல்லிச் சொல்லி, செய்யாதத செஞ்சோம்னு நம்பி வளந்திருக்கா. அதுவும் பொறாமையில செஞ்சோம்னு.

அந்த எடத்துல சொல்லியிருக்கணும். வாயத் தொறந்தேன். லாரிக்காரன் ஒருத்தன் வந்து, "பெரியவரே, பின் டயரு எறங்கிடுச்சு"ன்னான். எழுந்து போனேன். அந்த லாரி மேல பழிய போட மாட்டேன். லாரி போனப்பறமும் அவ அங்கியேதான் குந்தியிருந்தா, நான் வூட்டுக்குள்ள போயிப் படுத்துக்கிட்டேன். நாலு நாளுல அவுங்க கெளம்பிட்டாங்க.

போன்ல சொல்ல எனக்கு ஆவல, பாத்துட்டேன். எழுதத் தெரியாது. அதனாலதான் உன்ன உக்கார வச்சி எழுத வச்சேன். வெள்ளிக்கிழம அவுங்களுக்கு அங்க லீவு, நாலு பேரும் வூட்டுல இருப்பாங்க. மதியம் சாப்ட்டு முடிக்கிற நேரம் பாத்து, என் போன்லேருந்தே போட்டு, இத மொதல்லேருந்து படிச்சிக் காட்டு. மவகிட்ட மட்டும் சொல்லிட்டு வச்சிடாத. பெரியவள பக்கத்துல வரச் சொல்லு, சின்னவனையும் வரச் சொல்லு. அவ எதுவும் செய்யல, அவளுக்குப் பொறாமையே கெடையாது, தம்பிக்கும் ஒரு பொட்டு கெடைக்குதுன்னு சிரிச்சா, அத ரெண்டு வாட்டி படி. நான் பக்கத்துல இருக்க மாட்டேன், கடையில இருப்பேன். அவ எதாவது கேட்டா, தாத்தாவக் கூப்புடுன்னா, வந்து கூப்புடு. வரேன்.